பேரைப் போட்டுத் தேடினா பாதிதான் வரும்

"ஒரு கெமிக்கலைப் பத்திப் படிக்கணுமா? பேரை எடுத்து கூகுள் ஸ்காலர்ல போடு, எல்லாம் வந்து கொட்டும்." கெமிஸ்ட்ரி படிக்கிற பசங்க காதுல இந்த அறிவுரை விழாத நாளே கிடையாது. கொட்டும்தான், நான் இல்லைங்கல. என்ன கொட்டுது, எது கொட்டாம மேலேயே தங்கிடுதுன்னு மட்டும் யாரும் எட்டிப் பாக்குறது இல்லை. எரிச்சலே அதுலதான். அதனால இந்தப் பதிவுல ஒரே விஷயத்தை வம்படியா சொல்லப்போறேன். ஒரு சேர்மத்தைப் பத்தின ஆராய்ச்சியைத் தேடணும்னா அதோட பேரை நம்பாதீங்க, வடிவத்தை வெச்சுத் தேடுங்க. அந்த வடிவத்தை பேப்பரோட கட்டிவிடுற வேலையை பேப்பர் எழுதுறவரே, எழுதும்போதே செஞ்சாகணும். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உக்காந்துக்கோங்க.

காய்ச்சல் மாத்திரையிலிருந்தே ஆரம்பிப்போம். நம்ம ஊர்லயும் இங்கிலாந்துலயும் அது பாராசிட்டமால். அமெரிக்காக்காரங்களுக்கு அசிட்டாமினோஃபென். மூலக்கூறு ஒண்ணேதான். அது போக மருந்துக்கடைப் பேருங்க வேற: க்ரோசின், டோலோ, பனடால், டைலெனால். ஒரு பேரை மட்டும் போட்டுத் தேடுற எளிமையான தேடல்ல அட்லாண்டிக்கோட ஒரு கரை காணாமப் போயிடும். இது ஒரு பொருளுக்குப் பல பேர் இருக்கிற தொல்லை. பல பொருளுக்கு ஒரே பேர் இருக்கிற தொல்லை இன்னும் மோசம். 'பிசிபி'ன்னு தேடிப் பாருங்க. ஃபென்சைக்ளிடின்னு ஒரு போதைப்பொருளும் பிசிபி, பென்டாகுளோரோஃபீனால்னு மரத்துக்கு அடிக்கிற பூஞ்சைக்கொல்லியும் பிசிபி. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வர்ற ஒரு நிமோனியாவுக்கும் அதே மூணெழுத்துதான். (விஷத்தைத் தேடப்போய் நுரையீரல் வார்டுல போய் நிக்கவேண்டியது.)

"அதெல்லாம் பப்மெட் பாத்துக்கும்"னு ஒருத்தர் கை தூக்குவார். நியாயமான பேச்சுதான். பப்மெட் பின்னால மெஷ்ன்னு ஒரு சொல்லடைவு உக்காந்திருக்கு. பாராசிட்டமால்னு அடிச்சாலும் அசிட்டாமினோஃபென் தலைப்புக்குக் கொண்டுபோய் விட்டுரும். ஆனா அந்த வசதியெல்லாம் பேரும் புகழும் உள்ள மூலக்கூறுகளுக்குத்தான். மருந்து ஆராய்ச்சி பேப்பர் ஒண்ணைத் திறந்து பாருங்க. அதுல நாப்பது அம்பது புதுச் சேர்மங்கள் இருக்கிறது சர்வசாதாரணம். அதுங்களோட பேர் என்ன? 7a, 7b, 12c. அவ்வளவுதான். முழு விதிமுறைப் பேர் எங்கயோ துணை ஆவணத்தோட அறுபதாவது பக்கத்துல இருக்கும். வடிவம் ஒரு படமா இருக்கும். தேடுபொறிக்குப் படம் தெரியாது, '7a'வைத் தேடினா உலகத்துல இருக்கிற அத்தனை 7a-வும் வரும். அப்ப வேதியியல்ல தயாராகுற சேர்மங்கள்ல பெரும்பகுதிக்கு, தேடக்கூடிய பேர்னு ஒண்ணு பிறக்கவே இல்லை. பேரை வெச்சுத் தேடுறவங்க, பேர் வாங்கின சிறுபான்மையை மட்டும் பாத்துட்டு மொத்த ஊரையும் பாத்துட்டோம்னு திரும்பி வர்றாங்க.

இது புதுசா கண்டுபிடிச்ச குறையும் இல்லை. கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வேதியியல்காரங்களுக்கு இது தெரியும். பீட்டர்ஸ்பர்க்ல இருந்த பைல்ஸ்டைன் 1880களோட தொடக்கத்துல ரெண்டு வால்யூமா ஒரு கையேடு போட்டார். அன்னிக்குத் தெரிஞ்ச கரிமச் சேர்மங்களை, அகரவரிசையில இல்லாம, வடிவத்தோட வகைப்படி அடுக்கின கையேடு. (அப்படி அடுக்கினதால அதுல தேடுறதே ஒரு தனி வித்தையாச்சு, அது வேற கதை.) அந்தக் கையேடுதான் வளந்து வளந்து, கம்ப்யூட்டருக்குள்ள போய், இன்னிக்கு எல்செவியர் விக்கிற ரியாக்சிஸ் கருவிக்குள்ள ஐக்கியமாயிருக்கு. இன்னொரு பக்கம் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி 1907-ல கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் ஆரம்பிச்சுது. உலகத்துல வர்ற பேப்பர்களை ஆள் வெச்சுப் படிச்சு, சுருக்கம் எழுதி, எந்தெந்தச் சேர்மம் அதுல இருக்குன்னு குறிச்சு வெக்கிற வேலை. 1965-ல அவங்க ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அதுதான் லேப்ல எல்லாரும் சொல்ற காஸ் நம்பர். தண்ணிக்கு 7732-18-5. இது ஆதார் நம்பர் மாதிரி: ஆளை அடையாளம் காட்டும், ஆனா அவர் யாருக்குச் சொந்தம், மூக்கு எப்படி இருக்கும்னு எதுவும் சொல்லாது. (கடைசி இலக்கம் சரிபார்க்குற இலக்கம். வலப்பக்கத்திலிருந்து 8-ஐ 1-ஆல, 1-ஐ 2-ஆல, 2-ஐ 3-ஆலன்னு பெருக்கிக் கூட்டிக்கிட்டே போனா 105 வரும், அதோட கடைசி எண் 5. பஸ்ல போகும்போது பொழுது போகலேன்னா செஞ்சு பாருங்க.)

நம்பர் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும். இந்தப் பொருள் ஏற்கெனவே நம்ம கிட்ட இருக்கா, புதுசா? ரெண்டு பேர் ஒரே மூலக்கூறை ரெண்டு விதமா வரைஞ்சா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேறதான். அதுக்குத்தான் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்ல வேலை பாத்த ஹாரி மார்கன் 1965-ல ஒரு வழிமுறை வெளியிட்டார். அணுக்களைப் புள்ளிகளாவும் பிணைப்புகளைக் கோடுகளாவும் எடுத்துக்கிட்டு, எப்படி வரைஞ்சாலும் ஒரே வரிசையில எண் கொடுக்கிற வழி. இன்னிக்கு மருந்துக் கம்பெனிகள்ல எந்திரக் கற்றல் பண்றவங்க வாயில புழங்குற 'மார்கன் ஃபிங்கர்பிரிண்ட்'ல இருக்கிறதும் அதே மார்கன்தான். அறுபது வருஷம் ஆச்சு. வடிவத்தைத்தான் பிடிக்கணும்னு அன்னிக்கே தெளிவாயிடுச்சு. நாமதான் இன்னும் பேரைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்.

சரி, வடிவத்தால தேடினா கூடுதலா என்னதான் கிடைக்கும்? என் கட்சிக்கு இருக்கிற ஆதாரங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பாறு கழுகுங்க கதை. 1990கள்ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் முழுக்க பாறு கழுகுங்க கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. சில இனங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல போயிடுச்சு. நோயா, கிருமியான்னு குழம்பிக்கிட்டு இருந்தப்ப, பாகிஸ்தான்ல வேலை பாத்த ஒரு குழு 2004-ல நேச்சர் இதழ்ல காரணத்தைப் போட்டுது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுற டைக்ளோஃபெனாக். மருந்து போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் போய், உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாப் படிஞ்சு சாவு. 2006-ல இந்தியா கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் போடுறதைத் தடை பண்ணுச்சு. நம்ம நீலகிரி அடிவாரம், மாயாறு பள்ளத்தாக்குல இன்னிக்கும் மிச்சமிருக்கிற கழுகுகளுக்கு இது வாழ்வா சாவா விஷயம்.

ஆனா கதை அங்க முடியல. அசிக்ளோஃபெனாக்னு இன்னொரு வலி மருந்து கடையில இருந்துது. சட்டப்படி வேற மருந்து, வேற பேர், வேற காஸ் நம்பர். டைக்ளோஃபெனாக் 15307-86-5, அசிக்ளோஃபெனாக் 89796-99-6. இந்த ரெண்டு நம்பரையும் எவ்வளவு நேரம் உத்துப் பாத்தாலும் ஒண்ணுக்கொண்ணு உறவுன்னு தெரியாது. வடிவத்தை வரைஞ்சு பாத்தா முதல் பார்வையிலேயே தெரியும். டைக்ளோஃபெனாக்கோட அமில முனையில கிளைகாலிக் அமிலத் துண்டு ஒண்ணு எஸ்டர் பிணைப்பால ஒட்டியிருக்கு, அதான் அசிக்ளோஃபெனாக். எஸ்டர் பிணைப்பு உடம்புக்குள்ள உடையக்கூடியது, இது பாடப்புத்தக விஷயம். உடைஞ்சா மிஞ்சுறது டைக்ளோஃபெனாக். மாட்டு உடம்புல அது வேகமா அப்படித்தான் மாறுதுன்னு 2016-ல பேப்பராவும் வந்துது. இந்தியா அதைத் தடை பண்ணுனது 2023-ல. பப்கெம்ங்கிற இலவச வேதிப்பொருள் கிடங்குல டைக்ளோஃபெனாக்கை வரைஞ்சு, 'இந்த வடிவத்தைத் தனக்குள்ள வெச்சிருக்கிற எல்லாத்தையும் கொடு'ன்னு கேட்டா (சப்ஸ்ட்ரக்சர் சர்ச்னு பேரு) அசிக்ளோஃபெனாக் அந்தப் பட்டியல்ல வந்து நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் கீழ அதைப் பத்தின பேப்பரும் காப்புரிமையும் தொங்கும். பேரால தேடுறவருக்கு இந்தக் கேள்வியைக் கேக்குறதுக்கே வழி கிடையாது. வடிவத் தேடலோட பெரிய லாபம் அதிகப் பேப்பர் கிடைக்குறது கூட இல்லை. நமக்குத் தெரியாத சொந்தக்காரங்களையும் சேத்துக் கேக்க முடியுது பாருங்க, அதுதான்.

இங்க ஒரு பிரேக் போட்டுக்கிறேன். 2006-க்கும் 2023-க்கும் நடுவுல போன 17 வருஷத்துக்கு தேடல் கருவி சரியில்லாததுதான் காரணம்னு நான் சொன்னா அது அபத்தம். ஆபத்துன்னு ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும், தடை தாமதமானது வேற காரணங்களால. அதே மாதிரி, அசிக்ளோஃபெனாக்கோட சேந்தே தடையான கீட்டோப்ரோஃபென் டைக்ளோஃபெனாக்கோட வடிவத்தைத் தனக்குள்ள வெச்சிருக்கல. ஆனாலும் கழுகைக் கொல்லுது. அதை இந்தத் தேடல் பிடிச்சிருக்காது. வடிவம் எல்லாத்தையும் சொல்லிடும்னு யாராவது உங்ககிட்ட வந்தா அவரையும் நம்பாதீங்க. பேர் எதையுமே சொல்லாத இடத்துல வடிவம் கொஞ்சமாவது சொல்லும், அவ்வளவுதான் என் கட்சி. அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம்.

இப்ப பப்கெம். அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துக்குக் கீழ 2004-ல ஆரம்பிச்ச இலவசக் கிடங்கு. இன்னிக்கு 11 கோடிக்கு மேல சேர்மங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள்லேருந்து வந்த தரவு. ஆரம்பிச்ச மறுவருஷமே, 2005-ல, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி சண்டைக்கு வந்துது. அரசாங்கக் காசுல எங்க தொழிலுக்குப் போட்டி வெக்கிறீங்கன்னு அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் போய் முறையிட்டாங்க. நல்லவேளை, பப்கெம் தப்பிச்சுது. அவங்க பக்கத்து நியாயமும் இல்லாம இல்லை. இருபது கோடிக்கு மேல பொருட்களை ஆள் வெச்சுப் பதிவு பண்ணி, பேப்பரை மனுஷங்க படிச்சுக் குறிக்கிறதுக்குக் காசு ஆகும். அந்தக் கவனிப்போட தரம் இலவசக் கிடங்குல கிடையாதுங்கிறதும் உண்மை. பப்கெம் பெரும்பாலும் மத்தவங்க கொடுக்கிறதை வாங்கி வெக்கிற இடம். (அதனாலதான் அங்க ரெண்டு விதமான எண். யாராவது கொண்டுவந்து போட்டது 'சப்ஸ்டன்ஸ்', அதைச் சுத்தப்படுத்தி ஒரே வடிவமெல்லாம் ஒண்ணாக்கினது 'காம்பவுண்ட்'. முதல் தடவை போறவங்க அத்தனை பேரும் இங்க முழிப்பாங்க.)

உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. ஒரு பெரிய வலைக்குள்ள ஒரு சின்ன வலை அப்படியே இருக்கான்னு பாக்குறது கம்ப்யூட்டருக்குக் கஷ்டமான கணக்கு. 11 கோடி வலையில அதைச் செய்யச் சொன்னா அது படுத்துரும். அதனால ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 881 ஆமா-இல்லை கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பாங்க: குளோரின் இருக்கா, இந்த மாதிரி வளையம் இருக்கா, இப்படி. அந்தப் பதில் பட்டியலை ஒப்பிட்டு முக்கால்வாசியைக் கழிச்சுட்டு, மிஞ்சினதை மட்டும்தான் முழுசாச் சோதிக்கும். ஒத்த உருவத்தைத் தேடுற சிமிலாரிட்டி சர்ச்சும் இதே பட்டியலை வெச்சுத்தான். கேக்குறதுக்கு மந்திரம் மாதிரி இருந்தாலும் வெறும் வடிகட்டல் வேலை.

சரி, வடிவம் கிடைச்சாச்சு. அந்த வடிவத்துக்குக் கீழ பேப்பர் எப்படி வந்து ஒட்டுது? இந்த இடத்துலதான் மொத்தக் கட்டடமும் ஆடுது. சில பதிப்பாளர்கள் தாங்களே இணைப்புக் கொடுத்திருக்காங்க, ஸ்பிரிங்கர் நேச்சர், தீமே மாதிரி. கொஞ்சம் மெஷ் வழியா வருது. மிச்சத்துல நிறைய, சுருக்கங்களை எந்திரம் படிச்சு 'இந்தச் சேர்மம் இந்த நோயோட ஒண்ணாப் பேசப்படுது'ன்னு எண்ணிச் சொல்றது. அந்த எந்திரம் எதைப் படிக்குது? பேரை! வடிவத்தால கேட்டுக்கிட்டு உள்ள போனா, கடைசியில பேப்பரைக் கொண்டுவந்து ஒட்டுனது பழைய பேர்தான். முன் கதவைப் பூட்டிட்டு வந்தா பின் கதவு வழியா அதே 7a, அதே பிசிபி. காசு வாங்குற கருவிகள்ல இந்த இடத்துல மனுஷக் கண் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா அந்தக் கண் கண்டது எல்லாம் சந்தா கட்டுறவங்களுக்கு மட்டும்தான்.

பேர் எவ்வளவு ஏமாத்தும்னு காட்ட டிஐசி10 கதை போதும். புற்றுநோய்ச் செல்களைச் சாகடிக்கிற ஒரு மூலக்கூறுன்னு 2013-ல நல்ல இதழ் ஒண்ணுல வந்துது. மாதிரி கிடைச்சது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோட சேமிப்புலேருந்து. வடிவம் 1973-ஆம் வருஷத்து ஜெர்மன் காப்புரிமையிலேருந்து. புதுக் காப்புரிமையும் அதே வடிவத்துக்கு வாங்கியாச்சு. ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்துல கிம் ஜாண்டாவோட குழு அந்த வடிவத்தைச் செஞ்சு பாத்தாங்க, அது ஒரு வேலையும் செய்யல. அசல் மாதிரியை வாங்கி எக்ஸ்ரேல வெச்சா, மூணு வளையம் நேர்க்கோட்டுல இருக்கும்னு நினைச்ச இடத்துல அது மடங்கி நிக்குது. 2014-ல வெளியிட்டாங்க. அணுக்களோட எண்ணிக்கை, எடை எல்லாம் ஒண்ணு, அடுக்கு மட்டும் வேற. இப்ப 'டிஐசி10'ன்னு பேரைப் போட்டுத் தேடுறவருக்கு ரெண்டு மூலக்கூறும் கலந்துதான் வரும். எந்தப் பேப்பர்ல எது இருந்துதுன்னு ஒவ்வொண்ணாத் திறந்து படத்தைப் பாக்கணும்.

அப்ப என் யோசனை என்ன? பேப்பர் எழுதுறவர், தான் பேசுற ஒவ்வொரு சேர்மத்துக்கும் எந்திரம் படிக்கிற வடிவக் குறி ஒண்ணைச் சேத்துக் கொடுக்கணும். அந்தக் குறியும் ஏற்கெனவே தயாரா இருக்கு. இன்ச்சின்னு பேர். ஐயுபேக் அமைப்பும் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமும் சேந்து 2005-ல வெளியிட்டது, யாருக்கும் சொந்தமில்லாத, இலவசமான எழுத்துக்கோவை. நம்பர் வாங்க யார் வாசல்லயும் நிக்க வேண்டாம், வடிவத்தை வரைஞ்சா கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்துரும். அது நீளமா இருக்குன்னு 27 இடம் மட்டும் எடுத்துக்கிற இன்ச்சி கீயும் வந்துது. அதுல முதல் 14 எழுத்து 'எந்த அணு எதோட இணைஞ்சிருக்கு'ங்கிறதை மட்டும் பிடிக்கும். அடுத்த துண்டு இடக்கை வலக்கை மாதிரியான திசை விவரம். தாலிடமைடை எடுத்துக்கோங்க. கண்ணாடிப் பிம்பம் மாதிரி ரெண்டு வடிவம், உடம்புக்குள்ள ஒண்ணு இன்னொண்ணா மாறிக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் முதல் 14 எழுத்து ஒண்ணேதான். ரெண்டையும் சேத்துத் தேடணும்னா அதை மட்டும் போடலாம், தனித்தனியா வேணும்னா முழுசையும் போடலாம். வெறும் எழுத்துங்கிறதால சாதாரணத் தேடுபொறியே போதும். வரைபடப் பலகை கூட வேண்டாம்.

"ஏற்கெனவே ஆயிரம் ஃபார்ம் நிரப்புறோம், இது வேறயா?" முதல் எதிர்ப்பு இதுதான் வரும், எனக்குப் புரியுது. ஆனா வரையுற சாஃப்ட்வேர்லேயே அந்தக் கோவையை எடுக்கிற பொத்தான் இருக்கு. வடிவத்தைப் படமா மாத்தி பேப்பர்ல ஒட்டுறதுக்கு முன்னாடி அது கம்ப்யூட்டர்ல ஒழுங்கான தரவாத்தான் இருந்துது. நாமளே அதைப் படமாக்கிக் கொன்னுட்டு, அப்புறம் இன்னொருத்தர் காசு செலவழிச்சு அதை உயிர்ப்பிக்கிறார். மத்த துறைகள் இந்தப் பாடத்தை எப்பவோ படிச்சாச்சு. படிக வடிவங்களுக்கு கேம்பிரிட்ஜ் கிடங்கு 1965-லேருந்து இருக்கு, புரதங்களுக்கு புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-லேருந்து. அங்க தரவை ஒப்படைச்சாத்தான் பேப்பரையே ஏத்துக்குவோம்னு இதழ்கள் நிபந்தனை போட்டதுக்கப்புறம் யாரும் ஃபார்ம் அதிகம்னு செத்துப்போகல. கரிமச் சேர்மங்கள்லயும் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஸ்மைல்ஸ்ங்கிற இன்னொரு வடிவக் குறியைத் தனிக் கோப்பாக் கேக்குது. முடியும்னு காட்டியாச்சு. எல்லா இதழும் கேக்காததுதான் மிச்சம்.

ரெண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. வடிவம்னாலும் அது ஒண்ணே ஒண்ணா என்ன? மஞ்சள்ல இருக்கிற குர்க்குமின், ஹைட்ரஜன் ஒண்ணு இடம் மாறி கீட்டோ, ஈனால்னு ரெண்டு உருவத்துல இருக்கும். கரைசல்ல பெரும்பாலும் ஈனால்தான். ஆனா கிடங்குகள்ல கீட்டோவா வரைஞ்சதும் இருக்கு, ஈனாலா வரைஞ்சதும் இருக்கு. வழக்கமான இன்ச்சி இந்த ரெண்டையும் ஒண்ணாக்காது. உப்பும் அப்படியே. டைக்ளோஃபெனாக்குக்கு ஒரு நம்பர், டைக்ளோஃபெனாக் சோடியத்துக்கு இன்னொரு நம்பர், 15307-79-6. கடையில விக்கிற மாத்திரையில இருக்கிறது பெரும்பாலும் ரெண்டாவது, பேப்பர்ல பேசுறது பல நேரம் முதலாவது. அப்ப ஒரு வடிவத்தைப் போட்டா இன்னொண்ணு விட்டுப்போகுமா? போகும். ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. பேர்ல வர்ற குழப்பத்துக்கு விதி கிடையாது, ஒவ்வொரு பேரா மனுஷன்தான் அவிழ்க்கணும். வடிவத்துல வர்ற குழப்பத்துக்கு விதி இருக்கு: உப்பைக் கழட்டு, ஹைட்ரஜனை நகத்து, திசையை மறந்துடு. எந்திரத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தா கோடிப் பொருளுக்கும் செய்யும். பப்கெம்ல உப்புக்கும் அதோட மூலச் சேர்மத்துக்கும் நடுவுல இணைப்பு இருக்கே, அது இப்படி விதியால வந்ததுதான்.

வடிவக் குறியும் காப்பாத்தாத இடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். போசுடினிப்னு ஒரு ரத்தப்புற்று மருந்து. சில கம்பெனிகள் அந்தப் பேர்ல வித்தது வேற ஐசோமர்னு 2012-ல வெளியே வந்துது. குளோரினும் மீத்தாக்சியும் வளையத்துல இடம் மாறி உக்காந்திருந்துது. அதை வாங்கிச் சோதனை பண்ணுன ஆராய்ச்சியாளர்கள் எந்த வடிவக் குறியை எழுதியிருப்பாங்க? சரியான போசுடினிப்போட குறியைத்தான், நம்பி எழுதியிருப்பாங்க. குப்பியில இருந்தது தப்புன்னா குறியும் தப்புதான். அதுக்கு என்எம்ஆர் எடுத்துப் பாக்குறதைத் தவிர வேற வழி இல்லை. ஆனா இந்த மாதிரி ஒரு தப்பு வெளியே வந்ததும் அடுத்த வேலை என்ன? பாதிக்கப்பட்ட பேப்பர் எதெதுன்னு தேடுறது. அந்த நேரத்துல 27 இடக் கோவை ஒண்ணு எல்லாப் பேப்பர்லயும் இருந்தா பத்து நிமிஷ வேலை. இல்லேன்னா பேரு, குறியீட்டு எண், கடைப் பேருன்னு ஒவ்வொண்ணா அலசணும்.

மூணாவது ஆள் வருவார்: "இதெல்லாம் எதுக்கு, சாட்பாட்கிட்ட கேட்டா சொல்லிடுமே?" சொல்லும். இல்லாத பேப்பரையும் தலைப்பு, ஆசிரியர், வருஷத்தோட சொல்லும், அந்தப் பழக்கம் ஊரறிஞ்சது. அதை விடுங்க, நாளைக்கே அது பொய் சொல்றதை நிறுத்திட்டாலும் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது எழுத்தைத்தானே? படமா இருக்கிற வடிவமும் 7a-வும் அதுக்கும் இடிக்கும். பேப்பர்ல வடிவக் குறி எழுத்தா இருந்தா அதுவும் ஒழுங்காப் பதில் சொல்லும். அதனால என் யோசனைக்கு சாட்பாட் எதிரி இல்லை, அதைக் கேட்டு மனு போடவேண்டிய கட்சிக்காரரே அதுதான்.

கடைசியா, "நல்ல கருவிக்குக் காசு கட்டினா முடிஞ்சுது, எழுதுறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்"ங்கிற வாதம். கட்ட முடிஞ்சவங்களுக்கு அது சரிதான். கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸோட சைஃபைண்டர், எல்செவியரோட ரியாக்சிஸ் ரெண்டும் அருமையான கருவிகள், கையில இருந்தா கண்ணை மூடிக்கிட்டு பயன்படுத்துங்க. நம்ம ஊர் நிலைமை வேற. ஒன்றிய அரசு 2025-லேருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' கொண்டுவந்துது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள். வரவேற்கவேண்டிய விஷயம். ஆனா அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும். தமிழ்நாட்டுல வேதியியல் சொல்லிக்கொடுக்கிற தனியார், சுயநிதிக் கல்லூரிங்க எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். அங்க இருக்கிற எம்எஸ்சி பொண்ணுக்கு இதழும் இல்லை, கருவியும் இல்லை. இதழ் கிடைச்சவங்களுக்கும், எந்த இதழைத் திறக்கணும்னு தெரிஞ்சாத்தானே திறக்க முடியும்? காஸ் நம்பர் கொடுக்கிற அமைப்பே 5 லட்சம் பொருளுக்குக் கிட்ட காமன் கெமிஸ்ட்ரின்னு இலவசமாத் திறந்துவிட்டிருக்கு, நல்ல விஷயம். ஆனா அதுல கிடைக்குறது பேர், நம்பர், வடிவம். பேப்பர் கிடையாது.

அப்புறமா உக்காந்து கட்டுறது எவ்வளவு பெரிய வேலைன்னு பாக்க தரமணிக்குப் போனாப் போதும். அங்க கணித அறிவியல் நிறுவனத்துல இருக்கிற ஒரு குழு இம்பாட்னு ஒரு கிடங்கு கட்டியிருக்கு: இந்திய மூலிகைச் செடிகள், அதுல இருக்கிற வேதிப்பொருட்கள், அதோட மருத்துவப் பயன். 2018-ல 1,742 செடி, 9,596 வேதிப்பொருள். 2023-ல வந்த ரெண்டாவது பதிப்புல 4,010 செடி, 17,967 வேதிப்பொருள். இதுல பெரும்பகுதி பழைய புத்தகங்களையும் பேப்பர்களையும் மனுஷங்க உக்காந்து படிச்சு, பேரை வடிவமா மாத்தி, ஒரே பொருள் ரெண்டு பேர்ல வந்திருந்தா ஒண்ணாக்கிச் செஞ்சது. எழுதுனவங்க அன்னிக்கே வடிவக் குறியைக் கொடுத்திருந்தா அந்த உழைப்புல பாதியை வேற ஆராய்ச்சிக்குச் செலவழிச்சிருக்கலாம். ("கஷாயத்துல ஒரு சேர்மமா இருக்கு, நூறு இருக்குமே, அதுக்கு எந்தக் குறி?"ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. சாறு, கஷாயம் மாதிரி கலவைக்கு ஒரு வடிவம் கிடையாது, அங்க செடியோட பேர், பகுதி, பிரிச்செடுத்த விதம்தான் அடையாளம். ஆனா அதுலேருந்து ஒண்ணைத் தனியாப் பிரிச்சு வடிவம் கண்டுபிடிச்ச நிமிஷத்துலேருந்து சாக்கு செல்லாது.)

பெரிய இதழ்கள் மாறுறதுக்கு நாளாகும். நம்ம கையில இருக்கிறது தீசிஸ். இந்தியப் பல்கலைக்கழகங்களோட முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்குல ஷோத்கங்கா தளத்துல இலவசமாக் கிடக்கு. அதுல வேதியியல் தீசிஸ் எதைத் திறந்தாலும் செய்முறைப் பகுதியில ஒவ்வொரு சேர்மத்துக்கும் உருகுநிலை, விளைச்சல் சதவீதம், ஐஆர், என்எம்ஆர், மாஸ்னு வரிசையா வரி இருக்கும். வடிவம் மட்டும் படம். அந்த வரிசையில மாஸுக்குக் கீழ இன்ச்சி கீ-ன்னு இன்னொரு வரி. அதை விதியாக்க நாடாளுமன்றம் கூட வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத்தோட தீசிஸ் வடிவமைப்புக் கையேட்டுல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இப்ப எழுதிக்கிட்டு இருக்கிறவங்க கைடைக் கேட்டுட்டு தானாவே சேக்கலாம், யாரும் மார்க்கைக் குறைக்கப்போறது இல்லை.